வங்கியில் போட்டுக்கொடுத்த வீட்டு இன்சூரன்ஸ் எதற்கெல்லாம் பணம் தரும்?

#1 முடிச்சூரான்

எல்லோருக்கும் வணக்கம். கடந்த வைகாசியில் முடிச்சூரில் ஒரு தனி வீடு வாங்கிக் குடிவந்தோம். விலை 1 கோடியே 5 லட்சம், அதில் 62 லட்சம் வங்கிக் கடன். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நாற்பது இடத்திலாவது பேனாவை ஓட்டியிருப்பேன். நடுவில் இரண்டு பாரங்களை நீட்டி, "இது இன்சூரன்ஸ் சார், எல்லோரும் போடுவதுதான்" என்றார்கள். அதற்கென்று 1,38,000 ரூபாயைக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். இவ்வளவு வாங்குகிறார்களே, வீட்டுக்கு என்ன ஆனாலும் பார்த்துக்கொள்வார்கள் என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற கோட்டைத் தன் வீட்டுச் சுவரில் காட்டினார். என் நெஞ்சு உயரம்! போதாததற்குப் போன வாரம் பெய்த மழையில் மொட்டைமாடி ஒழுகி, படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம்.

வெள்ளம் வந்தால் பணம் கிடைக்குமா? இந்த ஓதத்துக்கு இப்போதே கேட்கலாமா? பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது திருடன் புகுந்தால்? வீட்டில் இருக்கும் நகை? ஏஜென்ட் போனை எடுப்பதே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வங்கிக்காரி

முதலில் அந்த இரண்டு பாலிசித் தாளையும் தேடி எடுங்கள் சார். 1,38,000 என்கிற தொகையைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு மட்டும் அவ்வளவு ஆகாது. அதில் பெரும்பகுதி உங்கள் உயிருக்கான காப்பீடாக இருக்கும். கடன் கட்டி முடிப்பதற்குள் உங்களுக்கு ஏதாவது ஆனால் மீதிக் கடனை அந்தக் கம்பெனி வங்கிக்குக் கட்டும். குடும்பத்துக்கு அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீடு தண்ணீரில் மூழ்கினால் அந்தப் பாலிசி ஒரு செங்கல்லுக்குக் கூடப் பணம் தராது.

தாளின் மேலே கம்பெனி பெயரில் "லைஃப்" என்று இருந்தால் அது உயிருக்கு. "ஜெனரல்" என்று இருந்தால் வீட்டுக்கு. சில பேரிடம் இரண்டும் இருக்கும், சில பேரிடம் முதலாவது மட்டும்தான் இருக்கும். கவுன்டரில் உட்கார்ந்து பதினெட்டு வருடம் பார்த்தவள் சொல்கிறேன், பத்து பேரில் எட்டு பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று. அடமானம் வைத்த வீட்டுக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்று கடன் ஒப்பந்தத்தில் வங்கி எழுதலாம். ஆனால் எங்கள் கம்பெனியிலேயே எடுத்தாக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. வெளியில் எடுத்து, பாலிசியில் வங்கியின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். வங்கியின் பெயர் இருப்பதால் கிளைம் பணம் முதலில் வங்கியின் கைக்குத்தான் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

#3 பழைய சர்வேயர்

முப்பது வருடம் தீ, புயல், வெள்ளம் என்று சேத மதிப்பீடு பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கேட்பது "சுவர் போனால் கிடைக்குமா, டிவி போனால் கிடைக்குமா" என்றுதான். பாலிசி அப்படி எழுதப்படவில்லை. எந்தப் பொருள் போனது என்பதை விட எதனால் போனது என்பதைத்தான் அது முதலில் பார்க்கிறது. ஒரே சுவர் வெள்ளத்தில் விழுந்தால் பணம் உண்டு, கரையான் அரித்து விழுந்தால் இல்லை. சர்வேயர் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இது எப்படி ஆரம்பித்தது?"

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வீடுகளுக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரியான பாலிசியை எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தர வேண்டும் என்று ஒழுங்காற்று ஆணையம் (ஐஆர்டிஏஐ) விதித்தது. அடிப்படை வாசகம் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, மண் உள்வாங்குதல், காட்டுத்தீ இவை அதில் உண்டு. மரமோ வண்டியோ பக்கத்து வீட்டு மதிலோ வந்து மோதினாலும் உண்டு. கலவரம், வேண்டுமென்றே ஒருவர் செய்யும் நாசம், பயங்கரவாதம் ஆகியவையும், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவதும் பட்டியலில் இருக்கின்றன. ஏவுகணைச் சோதனையால் வரும் சேதம் கூட இருக்கிறது, முடிச்சூரில் அதற்கு வேலை இருக்காது.

ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: வெள்ளம் உண்டு. அதற்குத் தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டாவதற்கு: ஓதம் இல்லை. மாடித் தளத்தில் தட்டோட்டுக்கு நடுவே பூச்சு போய், வருடக்கணக்கில் நீர் இறங்கியதன் பலன் அது. மழை என்பது அதில் வெறும் சாட்சி. திடீரென்று நடக்கும் நிகழ்வுக்குத்தான் இன்சூரன்ஸ், தேய்மானத்துக்குக் கொத்தனார்தான். பட்டியலில் இருக்கும் ஒரு நிகழ்வோடு அந்த ஓதத்தை முடிச்சுப்போட வழியில்லாவிட்டால் கிளைம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்போதே இருக்கும் ஓதத்தைச் சரிசெய்யாமல் விட்டு, நாளை வெள்ளம் வந்த பிறகு அதையும் சேர்த்துக் கேட்டால், நியாயமான பகுதியிலும் சர்வேயருக்குச் சந்தேகம் வரும்.

#4 மொட்டைமாடி

இதெல்லாம் காசைப் பிடுங்கும் வேலை. எங்கள் அப்பா 1974இல் கட்டிய வீடு அரக்கோணத்தில் இன்றும் கல்லுப்போல நிற்கிறது. ஒரு பைசா இன்சூரன்ஸ் கட்டியதில்லை. பிரீமியம் கட்டும் பணத்தை அஞ்சலகத்தில் போட்டு வைத்தால் மழைக்காலத்தில் நாமே செலவு செய்துகொள்ளலாம். கிளைம் போனால் "அது இல்லை, இது இல்லை" என்று சொல்வதற்காகவே ஆள் வைத்திருக்கிறார்கள். மேலே ஒருவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார், ஓதத்துக்கு இல்லையாம்.

#5 தோப்புக்காரன்

மொட்டைமாடி அண்ணே, உங்கள் வீடு நிற்கட்டும், சந்தோஷம். எங்கள் வீடும் 2018 நவம்பர் 15 ராத்திரி வரை நின்றுகொண்டுதான் இருந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கம். கஜா புயல் அடித்த அன்று விடிவதற்குள் எங்கள் தோப்பில் நின்ற மரத்தை விட விழுந்த மரம்தான் அதிகம். அதில் இரண்டு தென்னை வீட்டின் மேலேயே சாய்ந்தன. ஓட்டுக்கூரை முழுக்கப் போச்சு, பின்பக்கச் சுவர் பிளந்தது. அப்பா எப்போதோ வாங்கிய வீட்டுக் கடனுக்காக வங்கி போட்டு வைத்த ஒரு பழைய தீ விபத்துப் பாலிசி இருந்தது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வந்து பார்த்தார்கள். சேதம் 3 லட்சம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கையில் வந்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. ஏன் என்று கேட்டால், வீட்டைத் திரும்பக் கட்ட 16 லட்சம் ஆகும், நீங்கள் காப்பீடு செய்தது 8 லட்சத்துக்கு, அதனால் பாதிதான் என்றார்கள். 8 லட்சம் வரை தருவார்கள் என்று நினைத்திருந்த அப்பாவுக்கு இந்தக் கணக்கு கடைசி வரை புரியவே இல்லை. எனக்குமே புரிய ஒரு மாதம் ஆனது.

விழுந்த தென்னைக்கு வீட்டுப் பாலிசியில் ஒன்றும் கிடையாது. தென்னைக்கென்று தென்னை வளர்ச்சி வாரியத்தின் தனித் திட்டம் உண்டு என்பதே விழுந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் மரம் ஒன்று பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் மாட்டுக் கொட்டகை மேலும் விழுந்தது. அதற்கும் நம் பாலிசி தராது என்றார்கள். அதைக் கையிலிருந்து கொடுத்தோம், உறவு கெடக் கூடாது என்று.

#6 பழைய சர்வேயர்

தோப்புக்காரன் தம்பி சொன்ன பாதிக் கணக்கு, பழைய பாலிசிகளில் இருந்த "சராசரி விதி". குறைத்துக் காப்பீடு செய்தால், மீதிப் பங்குக்கு நீங்களே உங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி என்று அர்த்தம். இந்த விதியைச் சொல்லி எத்தனை வீட்டில் காபி குடிக்காமல் எழுந்து வந்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இன்று அதே சேதம் என்றால் காப்பீட்டுத் தொகைக்கு உட்பட்ட முழுச் சேதமும் கிடைக்கும். 2021க்கு முந்தைய நீண்டகாலப் பாலிசி யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் இந்தச் சலுகை இல்லாமல் இருக்கலாம்.

பக்கத்து வீட்டுக் கொட்டகை விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான். உங்களால் அடுத்தவருக்கு வரும் நஷ்டம் "பொறுப்புக் காப்பீடு" என்கிற தனிச் சேர்க்கை, அடிப்படைப் பாலிசியில் வராது. ஆனால் சித்தப்பா தன் கட்டடத்துக்குப் பாலிசி வைத்திருந்தால் அவருடைய கம்பெனி கொடுத்திருக்கும். மரம் யாருடையது என்று அவர்கள் பார்க்கப் போவதில்லை, எங்கே விழுந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

#7 செங்கல்சூளை

சிவில் இன்ஜினீயர் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். எவ்வளவுக்குப் போடுவது என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். வீடு வாங்கிய விலைக்குப் போடுவார்கள், இல்லையென்றால் கடன் தொகைக்கு. இரண்டும் தப்பு. விலையில் பாதிக்கு மேல் மனை. மனை எரியாது, மூழ்கினாலும் தண்ணீர் வடிந்ததும் அங்கேயே கிடக்கும்.

கணக்கு எளிது. சுவருக்குள் இருக்கும் தரைப் பரப்பு, அதாவது கார்ப்பெட் ஏரியா. அதை இன்று உங்கள் ஊரில் சதுர அடிக்குக் கட்ட ஆகும் செலவால் பெருக்குங்கள். 1,250 சதுர அடி, அடிக்கு 2,400 ரூபாய் என்றால் 30 லட்சம். இதோடு மதில், கேட், போர்ட்டிகோ, செப்டிக் டேங்க், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), மாடியில் சோலார் பலகை இருந்தால் அது, இவற்றின் செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவையும் கட்டடக் காப்பில் வரும். முக்கியமாக மதில். வெள்ளத்தில் முதலில் படுப்பது அதுதான்.

பத்து வருடம் வரை ஒரே பாலிசியாக எடுக்கலாம். ஆண்டுக்கு 10 சதவீதம் காப்பீட்டுத் தொகை தானாக ஏறும். சிமென்ட், கம்பி விலை ஏறுவதற்கு இது ஓரளவு ஈடு.

மாடியில் அறை எடுக்கும் யோசனை இருந்தால் கம்பெனிக்கு எழுதிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் சொல்லியாக வேண்டும்.

#8 முடிச்சூரான்

பாலிசித் தாள் கிடைத்துவிட்டது. பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் இருந்தது, வீட்டம்மா பத்திரமாக வைத்திருக்கிறார்.

வங்கிக்காரி மேடம் சொன்னது அப்படியே சரி. 1,38,000இல் பெரிய பகுதி என் உயிருக்குத்தான். ஜெனரல் இன்சூரன்ஸ் தாள் தனியாக இருக்கிறது, பாரத் கிருஹ ரக்ஷாதான், பத்து வருடத்துக்கு. ஆனால் காப்பீட்டுத் தொகை 62 லட்சம் என்று இருக்கிறது! கடன் எவ்வளவோ அதை அப்படியே எழுதிவிட்டார்கள். எங்கள் வீடு சரியாக 1,250 சதுர அடி (செங்கல்சூளை சார், எட்டிப் பார்த்தீர்களா?). ஆக 30 லட்சம், மதில் எல்லாம் சேர்த்து 33. மீதி 29 லட்சத்துக்குப் பத்து வருடப் பிரீமியம் கட்டியிருக்கிறேன், எரியாத மண்ணுக்காக.

அதை விடப் பெரிய கூத்து: "வீட்டுச் சாமான்" என்கிற இடத்தில் "எடுக்கப்படவில்லை" என்று இருக்கிறது.

#9 வங்கிக்காரி

வங்கிக்கு அடமானம் கட்டடம்தான், உங்கள் பிரிட்ஜ் இல்லை. அதனால் சாமானைப் பற்றி அவர்கள் கவலைப்பட மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். தொகையைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.

#10 வாடகைவீடு

நான் நாவலூரில் வாடகைக்கு இருப்பவள். வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தேன். போன பொங்கலுக்குத் திண்டுக்கல் போய்விட்டு வந்தால் பின்கதவு பூட்டு உடைந்து கிடக்கிறது. லேப்டாப், வெள்ளிக் குத்துவிளக்கு, பீரோவில் இருந்த என் அம்மாவின் அட்டிகை எல்லாம் போய்விட்டன. வீட்டுக்காரர் பாலிசியை எடுத்துப் பார்த்தால் அது கட்டடத்துக்கு மட்டும். இருந்தாலும் கேட்டுப் பார்த்தார், திருட்டு இதில் இல்லை என்று ஒரே வரியில் பதில். உடைந்த பூட்டுக்கும் கதவுக்கும் கூட இரண்டு மாதம் இழுத்தார்கள்.

திருட்டு இல்லாத வீட்டு இன்சூரன்ஸ் என்ன இன்சூரன்ஸ்? இதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

#11 பழைய சர்வேயர்

உங்கள் கோபம் நியாயம் அம்மா. "வீட்டு இன்சூரன்ஸ்" என்று பெயர் வைத்துவிட்டால் மக்கள் முதலில் நினைப்பது திருடனைத்தான். ஆனால் இந்தப் பாலிசியின் பிறப்பு தீ விபத்துக் காப்பீட்டில். அதில் திருட்டு ஒரே ஒரு விதத்தில்தான் வரும்: வெள்ளம், தீ போன்ற ஒரு நிகழ்வு நடந்து, அதன் காரணமாகவே ஏழு நாளுக்குள் திருடு போனால். அதாவது வெள்ளத்தில் வீட்டைத் திறந்துபோட்டு மாடிக்கு ஓடியபோது எவனாவது புகுந்தால் உண்டு. பொங்கலுக்குப் பூட்டிவிட்டுப் போனபோது புகுந்தால் இல்லை. அதற்குக் "கன்னக்களவு" என்று தனிக் காப்பு வாங்க வேண்டும். வாங்கும்போதும் பூட்டை உடைத்து நுழைந்தால் மட்டுமா, வேலைக்கு வருபவர் எடுத்துப் போனாலும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல பாலிசிகளில் இரண்டாவது இருக்காது.

வாடகைக்கு இருப்பவர் சாமானுக்கு மட்டும் இதே பாலிசியை எடுக்கலாம். வீட்டுக்காரர் பாலிசி ஒருநாளும் குடியிருப்பவர் பொருளுக்கு வராது.

சொந்த வீட்டுக்காரர் கட்டடமும் சாமானும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பொதுச் சாமானுக்குப் பட்டியல் கொடுக்காமலேயே காப்பு வந்துவிடும். முடிச்சூராருக்கு அது ஆறு லட்சத்துச் சொச்சம் வரும். கட்டில், பீரோ, ஏசி, வாஷிங் மெஷின், துணிமணி எல்லாம் அதில் அடக்கம்.

நகை அதில் கிடையாது. நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் போன்றவற்றுக்குத் தனிச் சேர்க்கை, மதிப்பை முன்பே ஒப்புக்கொண்டு எடுக்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று கேட்க மாட்டார்கள். இன்றைய தங்க விலையில் கொஞ்சம் கனமான வளையல் ஒன்றே லட்சத்தைத் தாண்டிவிடும், அது வேறு விஷயம். அதை விட முக்கியம், அந்தச் சேர்க்கையும் இதே நிகழ்வுப் பட்டியலுக்குத்தான். கன்னக்களவுக் காப்பு இல்லாமல் நகையை மட்டும் சேர்த்தால், நகை தீயில் உருகினால் பணம் வரும், திருடன் எடுத்தால் வராது. எந்த ஏஜென்டும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. பணம், பத்திரம், தங்கக் கட்டி, "எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை" என்கிற வகை இவை எதற்கும் சாதாரணமாகக் கிடையாது.

அடுத்து மின்சாரம். நிறையத் தகராறு வரும் இடம் இதுதான். பிரிட்ஜில் ஷார்ட் சர்க்யூட் ஆகி அது மட்டும் கருகிப்போனால் பிரிட்ஜுக்குப் பணம் இல்லை. அதே நெருப்பு பரவி மாடுலர் கிச்சன், சீலிங், பக்கத்தில் இருந்த கிரைண்டர் எல்லாம் எரிந்தால் அவை அத்தனைக்கும் உண்டு, தீயைத் தொடங்கி வைத்த பிரிட்ஜுக்கு மட்டும் இல்லை. மின்னல் இறங்கி வோல்டேஜ் எகிறி டிவி போனாலும் இதே நிலைதான். மின்னல் பட்டியலில் இருக்கிறதே என்று வாதாடுவார்கள். எதற்கெல்லாம் பணம் இல்லை என்று சொல்லும் விலக்கு வாசகத்தில் "மின்னல் உட்பட" என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே மின்னல் கைப்பிடிச் சுவரை உடைத்தால் தருவார்கள்.

சிலிண்டர் வெடிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வெடிப்பு என்கிற வகையில் வீட்டுப் பாலிசியிலேயே வரும். பாலிசியே இல்லாதவர்களும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எண்ணெய் நிறுவனங்கள் எல்லா இணைப்புக்கும் சேர்த்து ஒரு காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. பதிவு செய்த முகவரியில் விபத்து நடந்தால் பொருட்சேதத்துக்கு 2 லட்சம் வரை அதில் கேட்கலாம். நாம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. கேஸ் ஏஜென்சியில் உடனே எழுதிக் கொடுக்க வேண்டும்.

#12 நெல்லைச்சீமை

தூத்துக்குடியில் இருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ அளவுக்குக் கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் நான்கடித் தண்ணீர் நான்கு நாள் நின்றது. எங்களிடம் பாலிசி இருந்தது, சாமானும் சேர்த்து. பணம் வந்தது, ஆனால் சும்மா வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அம்மா செய்த முதல் காரியம், நாறிப்போன மெத்தை, ஊறிய பிளைவுட் எல்லாவற்றையும் தெருவில் கொட்டியது. மாநகராட்சி லாரி மறுநாளே அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஐந்தாம் நாள் வந்த சர்வேயர் "மெத்தை எங்கே?" என்றார். நல்லவேளையாகத் தம்பி எதற்கோ செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தான். அதுவும் சுவரில் தண்ணீர்க்கோட்டோடு. அது இல்லையென்றால் பாதி போயிருக்கும். தண்ணீர் உள்ளே இருக்கும்போதே கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டேன், அதுவும் உதவியது. கிளைம் பாரத்தை 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஊரே மிதந்த நேரத்தில் பில் தேட முடியுமா? வங்கிக் கணக்கில் பணம் போன பதிவு, கடைக்காரரிடம் நகல் பில், பழைய விசேஷப் போட்டோவில் பின்னால் தெரியும் டிவி என்று எதையெதையோ கொடுத்தோம்.

போர்ட்டிகோவில் மூழ்கிய கார் இதில் சேராது, அதற்குக் கார் இன்சூரன்ஸ்தான். இரண்டு மாதம் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். வீடு குடியிருக்க முடியாத நிலையில் மாற்று வீட்டு வாடகை பாலிசியிலேயே இருக்கிறது என்பது சர்வேயர் சொல்லித்தான் தெரியும். எத்தனை மாதம், எவ்வளவு என்று உங்கள் பாலிசித் தாளில் இருக்கும் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். இடிபாடு அள்ள, கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை உண்டு. அதையும் கேட்டால்தான் தருகிறார்கள்.

முதலில் அவர்கள் ஒப்புக்கொண்ட தொகை நாங்கள் கேட்டதில் பாதி. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை. பிறகு சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மேனுக்கு (கம்பெனிகள் மேலான புகார்களை விசாரிக்கும் நடுவர்) மனு போட்டோம். 50 லட்சம் வரையிலான தகராறு அங்கே போகலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி கைவிரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே கம்பெனியிலிருந்து போன் வந்து, தொகையை ஏற்றிக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

#13 ஹூஸ்டன்வாசி

இங்கே நேர் எதிர் என்பதால் எழுதுகிறேன். அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசியில் திருட்டு உண்டு (நகைக்கு 1,500 டாலர் என்பது போல ஒரு சின்ன வரம்போடு). அடுத்தவர் நம் வீட்டில் வழுக்கி விழுந்தால் வரும் வழக்குச் செலவு கூட உண்டு. ஆனால் வெள்ளமும் நிலநடுக்கமும் கிடையாது. வெள்ளத்துக்கு 1968இல் அரசு தொடங்கிய தனித் திட்டத்தில் வாங்க வேண்டும். வீட்டுக்கு 2,50,000 டாலர், சாமானுக்கு 1,00,000 டாலர்தான் உச்சம். வாங்கினாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், புயல் செய்தியைக் கேட்டுவிட்டு ஓடினால் பயனில்லை. 2017இல் ஹார்வி புயலின்போது எங்கள் தெருவில் பாதிப்பேரிடம் அது இல்லை. கூரை வழியாக வந்த தண்ணீருக்குப் பணம் வாங்கினார்கள், வாசல் வழியாக வந்த தண்ணீருக்கு இல்லை. ஒரே வீட்டில், ஒரே நாளில்! ஊரில் வெள்ளம் அடிப்படையிலேயே சேர்ந்திருக்கிறது என்று படித்ததும் ஆச்சரியமாக இருந்தது. அப்பாவின் கும்பகோணம் வீட்டுக்கு இந்த வாரமே எடுக்கப் போகிறேன்.

#14 மொட்டைமாடி

சரி, சரி. எல்லோரும் சேர்ந்து என்னைக் கரைக்கிறீர்கள். ஒரு கேள்வி. எங்கள் பக்கத்து மனையில் அடுக்குமாடிக்காகப் பத்தடி தோண்டியிருக்கிறார்கள். எங்கள் கிழக்குச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். மண் உள்வாங்கினால் உண்டு என்று மேலே சொன்னாரே, இப்போது பாலிசி எடுத்தால் கேட்கலாமா?

#15 பழைய சர்வேயர்

கேட்கக் கூடாது, கேட்டாலும் வராது. நடந்து முடிந்ததற்குக் காப்பீடு இல்லை. நீங்கள் முன்பே எடுத்திருந்தாலும் இதற்கு வந்திருக்காது. பள்ளம் தோண்டுவது, கட்டுமான வேலை, புதுக் கட்டடம் சாதாரணமாக அமர்வது, கொட்டி நிரப்பிய மண் இறங்குவது, மோசமான கட்டுமானம், கடலோ ஆறோ கரையை அரிப்பது இவையெல்லாம் மண் உள்வாங்குதலில் விலக்கு. உங்கள் வழக்கு அந்தக் கட்டுமானக்காரர் மேல். இன்றைக்கே தேதியோடு போட்டோ எடுத்து, அவருக்கும் உள்ளாட்சிக்கும் பதிவுத் தபால் போடுங்கள். ஒரு இன்ஜினீயரைக் கூட்டி விரிசலில் கண்ணாடித் துண்டு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், விரிசல் இன்னும் விரிந்தால் அது உடையும்.

ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகளில் வீடு கட்டியவர்கள் அந்த "கொட்டி நிரப்பிய மண்" என்பதை இரண்டு முறை படிக்கவும். சென்னையின் தெற்கே அப்படிப்பட்ட மனை எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

#16 முடிச்சூரான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று வங்கிக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் கொடுத்தேன். மூன்று முறை அலைய வைத்தார்கள், ஆனால் ஒப்புக்கொண்டார்கள். கட்டடம் 33 லட்சமாகக் குறையும், சாமான் சேரும், கன்னக்களவுக்கும் நகைக்கும் தனியாக. அதிகமாகக் கட்டிய பிரீமியத்தை இந்தச் சேர்க்கைகளுக்கு ஈடு செய்துகொண்டு மீதியைக் கணக்கில் போடுவார்களாம். வந்தால் இங்கே சொல்கிறேன். மாடிக்குத் தட்டோடு பிரித்துப் பூச, கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார்.

கடைசியாக ஒன்று. சம்ப் மோட்டார் கீழே தரைமட்டத்தில் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கினால் அது கட்டடமா, சாமானா, மின்சாதன விலக்கா?

#17 பழைய சர்வேயர்

வெள்ளத்தில் மூழ்கிக் கெட்டால் அது வெள்ளச் சேதம், கிடைக்கும். ஆனால் தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஸ்விட்சைப் போட்டு, உள்ளே ஈரத்தோடு மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்தால் அது ஷார்ட் சர்க்யூட். அப்போது வெள்ளத்தை மறந்துவிட்டு விலக்கு வாசகத்தைக் காட்டுவார்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கும் இதே கதைதான். ஸ்விட்சில் கை வைக்காதீர்கள். மெக்கானிக் கழற்றிக் காயவைத்து, வெள்ளத் தண்ணீர் புகுந்து கெட்டது என்று எழுதித் தரட்டும்.

#18 நெல்லைச்சீமை

சார், இதை 2023லேயே சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள் அப்பா வடிந்த அன்றே மூன்றையும் போட்டுப் பார்த்தார்.